ரெண்டு கொயர் நோட்டு: ஒன்பது வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. புது ஜெராக்ஸ் மிஷினைப் பற்றி வாங்கின கையோடு வாயைத் திறக்கக் கூடாது. டோனர் நாலு மாற்றி, டிரம் ஒன்று மாற்றி, ஒரு வேசகால வெயிலையும் தாண்டிய பிறகுதான் நல்லது பொல்லது சொல்ல வேண்டும். நான் சொல்லப்போகிற சாமான் அந்தக் கணக்கில் தாராளமாகத் தேறிவிடும். ஒன்பது வருஷமாக ஓடுகிறது. மிஷின் இல்லை, நோட்டு. காலிகோ முதுகு வைத்த ரெண்டு கொயர் நோட்டு, 192 பக்கம். அரிசி மில்லிலும் எண்ணெய் மில்லிலும் வரவு செலவு எழுத வாங்கிப் போவார்களே, அதேதான். 2016 ஜூன் மாசம் என் கடை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு கல்லாவில் 70 ரூபாய் போட்டேன். இப்போது அஞ்சாவது நோட்டு நடக்கிறது. விலை 130.

காங்கேயத்திலும் சுத்துப்பட்டிலும் இருக்கிற நாங்கள் ஏழு பேர், "இப்ப என்ன படிக்கறீங், எந்த எடத்துல இருக்கறீங்" என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ள வைத்திருக்கிற நோட்டு அது. எண்ணெய் மில் மாமா, ரிட்டயரான தமிழ் டீச்சரக்கா, வெள்ளகோவில் பக்கத்துத் தறிக்கார அண்ணன், பால் சொசைட்டி செயலாளர் தம்பி, கொப்பரை லோடு ஓட்டுகிற டிரைவரண்ணன், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற பொண்ணு, ஜெராக்ஸ் கடைக்காரி நான். நர்ஸ் பொண்ணு மன்னார்குடியிலிருந்து இங்கே வாழ வந்தவள். மற்ற ஆறு பேரும் இந்த மண்தான்.

நோட்டில் கோடு போட்டுத் தந்தது சொசைட்டித் தம்பி. அவனுக்குத் தெரிந்தது பால் கணக்கு: தேதி, பேர், லிட்டர், டிகிரி, கையெழுத்து. லிட்டர் இருந்த இடத்தில் பக்க எண் வந்தது. 'டிகிரி' என்ற தலைப்பை மட்டும் அவன் கை பழக்கத்தில் அப்படியே எழுதிவிட்டான். சொசைட்டியில் பாலில் லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்து 28 டிகிரி, 24 டிகிரி என்று சொல்வார்கள், அந்த டிகிரி. அடிக்கவும் மனசில்லை, அதுவே எங்கள் அபிப்பிராயக் கட்டத்துக்குப் பேராக நின்றுவிட்டது. பேர்பெற்ற ஒரு தலையணை நாவலுக்கு டிரைவரண்ணன், "22 டிகிரி. தண்ணி" என்று எழுதினதை இன்னும் சொல்லிச் சிரிப்போம். எந்த நாவல் என்று சொல்ல மாட்டேன்.

நோட்டு ஆளுக்கு ஒரு வாரம் இருக்கும். காலையில் பால் வண்டியில் ஏறும், சாயங்காலம் என் கடைக் கவுண்டரில் இறங்கும், சில சமயம் லாரி கேபினில் நாலு மாநிலம் சுற்றிவிட்டு வரும். மாசத்தில் ரெண்டாவது ஞாயிறு பொழுதோட, மில்லில் கொப்பரை காயப்போடுகிற களத்து மேட்டில் ஒட்டுக்கா உட்கார்ந்து பேசுவோம். வருகிறவர்கள் வரலாம். ஏழு பேரும் ஒன்றாக வந்த ஞாயிறுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

முதல் வருஷம் இது உருப்படாத நோட்டாகத்தான் இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை. புத்தகத்தை முடித்த பிறகு எழுத வேண்டும் என்று விதி வைத்திருந்தோம். அதனால் எல்லோரும் தீர்ப்பு எழுதினோம். "சிறந்த படைப்பு. அனைவரும் படிக்க வேண்டிய நூல்." "ஆசிரியரின் நடை அருமை." பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பரிசு வாங்கும் பிள்ளை பேசுகிற மாதிரி இருக்கும். முதல் நோட்டின் முன்பக்கங்களை இப்போது புரட்டினால் யார் எழுதியது என்று கையெழுத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிகிறது. எழுதியிருக்கிற விஷயத்தில் ஆளைக் காணோம்.

அதை மாற்றினது மாமா. அவர் அப்போது ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள் படித்துக்கொண்டிருந்தார். 1942-இல் வந்த நாவல், தமிழில் வட்டார நாவலுக்கு முதல் என்று சொல்லப்படுவது. எழுதியவர் கீரனூர்க்காரர், எங்களுக்குப் பக்கத்து மண். புருஷனை இழந்த ஒருத்தி, கொழுந்தனிடம் தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள். கதையின் முதுகெலும்பு அதுதான். மாமா தன் வாரத்தில் நோட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "38. நின்னுட்டேன்."

முடிக்காமல் எழுதக் கூடாது என்பது விதி. டீச்சரக்கா அடுத்த வாரமே ஓரத்தில் குறித்தார்: "விதியை மீறியுள்ளீர்கள்." ஏழு வாரம் கழித்து நோட்டு மாமாவிடம் போய் வந்தது. "38."

அடுத்த சுற்றில் அரைப் பக்கம். ஆட்டுப் புழுக்கை மாதிரி உருட்டின எழுத்து. அவருடைய தங்கைக்குக் கல்யாணமானது 1988-இல். 1989 மார்ச்சில் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று. ஆனால் அதற்கு முன்னால் கல்யாணமாகிப் போன பொண்ணுக்கு அந்தப் பங்கு இல்லை. தங்கை கேட்டது பங்குகூட இல்லை, கிணத்தடியில் ஒரு ஏக்கரா. "சட்டப்படி குடுக்க வேண்டியதில்லைன்னு வக்கீல் சொன்னாரு. குடுக்கல. அப்பனும் பேசல. நாகம்மா கேக்கற எடத்துக்கு வந்தா எனக்கு அம்மிணி கேட்டதுதான் கேக்குது. அதனால 38-லயே இருக்கறேன்."

சொசைட்டித் தம்பி சட்டம் தெரிந்தவன். அந்த வார ஓரத்தில் எழுதினான்: 2005-இல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்திக் கல்யாணமான மகள்களுக்கும் பங்கு உண்டென்று ஆக்கிவிட்டது. ஆனாலும் 2004 டிசம்பர் 20-க்கு முந்திப் பதிவான பாகப்பிரிவினையை யாரும் கிளற முடியாது, மாமா பயப்பட வேண்டாம். அதற்குக் கீழே மாமா பதில்: "சட்டம் கேக்கல தம்பி."

டீச்சரக்கா ஒரு வாரம் முழுக்க நோட்டை வைத்திருந்து ரெண்டே வரி எழுதினார். தமிழின் முதல் வட்டார நாவல் எது என்கிற ஒரு மார்க் கேள்விக்கு இருபத்தஞ்சு வருஷமாக டிக் போட்டிருக்கிறேன், அந்த டிக்குக்குள் ஒரு ஏக்கரா நிலம் கிடந்தது தெரியவில்லை என்று.

அன்றைக்கு விதியைத் திருப்பிப் போட்டோம். முடித்தவர் எழுத வேண்டியது கட்டாயமில்லை. நடுவில் நிற்பவர் கட்டாயம் எழுத வேண்டும். எந்த இடத்தில் இருக்கிறீர்கள், ஏன் நின்றீர்கள், என்ன ஞாபகம் வந்தது. படிக்கவே இல்லை என்றால் அதையும் எழுத வேண்டும், காரணத்தோடு. ஒன்பது வருஷ உபயோகத்தில் நான் கண்டது இந்த ஒன்றைத்தான்: புத்தகத்தை முடித்தவரின் தீர்ப்பு என்னை ஒரு புத்தகத்தையும் எடுக்க வைத்ததில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு புலம்புகிறவரின் ஒரு வரி, கை நீட்டி அலமாரியிலிருந்து எடுக்க வைத்திருக்கிறது. மாமாவின் 38-ஐப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நாகம்மாளை மூன்று பேர் படித்தோம்.

படித்தபோதுதான் அடுத்த சிக்கல். எங்கள் 38 வேறு, மாமாவின் 38 வேறு. நாகம்மாளுக்குப் பல பதிப்பு உண்டு, எழுத்து பெரிசும் சின்னதுமாக. மாமாவிடம் இருந்தது ஒரு பழைய பதிப்பு. கிளை நூலகத்தில் நான் எடுத்தது வேறு. நர்ஸ் பொண்ணு மின்னூலில் படிக்கிறாள், அதில் பக்கமே இல்லை, சதவீதம்தான். '31 சதவீதத்தில் இருக்கிறேன்' என்று எழுதுவாள். டிரைவரண்ணன், "டீசல் டேங்க்கா அது?" என்று கேட்டு ஓரத்தில் ஒரு மீட்டர் படம் போட்டுவிட்டார். அதன் பிறகு பக்கக் கட்டத்தில் அத்தியாயம் எண்ணும், பத்தியின் முதல் ரெண்டு வார்த்தையும் எழுதுகிறோம். கொஞ்சம் கை வலிதான். ஆனால் ஏழு பதிப்பை ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேறு வழி கிடைக்கவில்லை.

கிளை நூலகம் என்றதும் ஒன்று. வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும் பாருங்கள், எல்லோரும் கட்டுகிறோம், பாதிப் பேர் உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. நூலகப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டியிருக்கிற தேதிச் சீட்டும் எங்கள் நோட்டுக்கு அக்காதான். யார் என்று தெரியாது, ஆனால் இந்தப் புத்தகத்தை 2009-இல் ஒருத்தர் எடுத்து, இருபது நாள் தாமதமாகக் கொண்டுவந்தார் என்று தெரியும். ஏன் தாமதம் என்று ஒரு கட்டம் இருந்திருக்கலாம்.

முடிவைப் போட்டு உடைக்கிற பிரச்சினை எங்களுக்கும் வந்தது. நர்ஸ் பொண்ணு நாகம்மாளில் பாதியில் இருந்தபோது, டிரைவரண்ணன் முந்திப் படித்துவிட்டு ஆவேசத்தில் கடைசி அத்தியாயத்தை அப்படியே கொட்டிவிட்டார். அவள் நைட் டூட்டியில் அதைப் படித்துவிட்டு நோட்டை என் கடையில் வைத்துவிட்டுப் போனாள். "அக்கா, இனி எனக்கு அனுப்ப வேணாம்" என்றாள். சமாதானம் செய்ய ஒரு மாசம் ஆனது. கடைசியில் வழி கிடைத்தது என் கவுண்டரிலேயே. முடிவைப் பற்றி எழுதுகிற பக்கத்தை மடித்து ஸ்டேப்ளர் அடித்து, மேலே 'முடிச்சவங்க மட்டும்' என்று எழுதிவிடுவது. முடித்தவர் பின்னைப் பிரித்துப் படித்துவிட்டுத் திரும்ப அடித்து வைக்க வேண்டும். ஒரு பக்கத்தில் எத்தனை ஓட்டை என்று எண்ணினால் எத்தனை பேர் முடித்தார்கள் என்று தெரியும். நாகம்மாள் பக்கத்தில் ஆறு ஜோடி ஓட்டை. இங்கேயும் அந்த முடிவை நான் சொல்லப்போவதில்லை.

சிவப்பு மை விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும், இதை வைத்துக்கொள்ள நினைக்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அது. தறிக்கார அண்ணன் எட்டாவதோடு நின்றவர். படிப்பார், எங்களில் அதிகம் படிப்பவர் அவர்தான். தறி ஓடும்போது ஊடை நூல் அறுகிறதா என்று ஒரு கண், புத்தகத்தில் ஒரு கண். எழுத்தில் ற-ர, ன-ண தகராறு வரும். ஒரு சுற்றில் அவர் எழுதின ஒன்றரைப் பக்கத்தில் டீச்சரக்கா பதினெட்டு இடத்தில் சிவப்பு மையால் சுழித்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பழக்க தோஷம். அடுத்த சுற்றில் அண்ணன் பேருக்கு எதிரே தேதி மட்டும் இருந்தது. அதற்கடுத்த சுற்றில் அதுவும் இல்லை. ஏறக்குறைய நாலு மாசம்.

டீச்சரக்கா தானாகவே பஸ் ஏறித் தறிக்குடோனுக்குப் போனார். சத்தத்தில் பேச முடியாமல் வாசலில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பேசினார்களாம். திரும்பி வந்து எங்களிடம் நன்னூலைச் சொன்னார். நன்னூல் எழுதின பவணந்தி முனிவர் பெருந்துறைப் பக்கம் சீனாபுரத்துக்காரர் என்று எங்கள் பக்கம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அதில் பாடம் கேட்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக உள்வாங்கினாலும் கிடைப்பது கால் பங்கு. கூடப் படிக்கிறவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் இன்னொருத்தருக்கு எடுத்துச் சொல்லும்போது. "முப்பது வருஷம் பாடம் எடுத்தேன், அரைப்பங்கு எனக்குத்தான் கெடைச்சிருக்கு. பசங்களுக்குக் கால்தான். அந்தத் தம்பி எழுதறப்ப நான் குறுக்க பூந்து அவரோட அரைப்பங்கைப் புடுங்கீட்டேன்" என்றார். அன்றிலிருந்து நோட்டில் சிவப்பு மை கிடையாது. ஆனாலும் அண்ணன் பேனாவை எடுக்கவில்லை. போனில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார், நான் கேட்டு எழுதுகிறேன். தறிச் சத்தத்துக்கு நடுவில் நாலு நிமிஷம் பேசியிருப்பார். மூன்று தடவை ஓட்டிக் கேட்டால்தான் முச்சூடும் விளங்கும். எங்கள் நோட்டிலேயே நல்ல பத்திகள் அவருடையவைதான். அவர் சொன்ன 'ர'வா 'ற'வா என்று இப்போது நான்தான் முழிக்கிறேன்.

இவ்வளவு சிரமத்துக்குப் போனிலேயே செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்து பார்த்தோம். 2018-இல் வாட்ஸ்அப் குரூப் தொடங்கினோம். பேச்சு வெசையாக நடந்தது, அது உண்மை. டிரைவரண்ணன் நாக்பூர் தாண்டி டோல்கேட்டில் நின்றபடி ஒரு வரி போட, இங்கே மாமா ஒரு வரி போட, நன்றாகத்தான் இருந்தது. ரெண்டு மாசம். பிறகு காலை வணக்கம் வந்தது, தேங்காய் விலை வந்தது, தேர்தல் வந்தது, யாரோ ஒருத்தர் முழுப் புத்தகத்தின் பிடிஎஃப் போட்டார். (கடைக்கும் முழுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கேட்டு வருவார்கள். நான் போடுவதில்லை. எழுதினவரும் பொழைக்க வேண்டும்.) போன வருஷம் யார் என்ன சொன்னார்கள் என்று தேடினால் கிடைக்காது. நாகம்மாள் என்று ஒருத்தர் தமிழில் அடித்திருப்பார், இன்னொருத்தர் இங்கிலீஷ் எழுத்தில், அண்ணனுடையதோ வெறும் சத்தம். குரூப் இன்னும் இருக்கிறது, நோட்டு இப்போது யாரிடம் என்று கேட்க மட்டும்.

நட்சத்திரம் போடுகிற ஆப் ஒன்றிலும் நர்ஸ் பொண்ணு எங்களைச் சேர்த்துவிட்டாள். அஞ்சுக்கு எத்தனை. அதில் தமிழ்ப் புத்தகம் ஒன்றே மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் மூன்று இடத்தில் நின்றது தனிக்கதை. எங்களுக்கு ஒத்து வராததற்குக் காரணம் வேறு. இந்தப் பக்கத்தில் எதைக் கேட்டாலும் வருகிற பதில் "பரவால்லீங்". பந்தியில் சாப்பாடு எப்படி என்றாலும் பரவால்லீங், மழை எப்படி என்றாலும் பரவால்லீங், மாப்பிள்ளை எப்படி என்றாலும் அதேதான். சொல்லும்போது தலை எந்தப் பக்கம் ஆடியது, 'ங்' எவ்வளவு நீண்டது என்பதை வைத்து ஒன்றா அஞ்சா என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். மாமா எல்லாப் புத்தகத்துக்கும் மூன்று நட்சத்திரம் போட்டார். டீச்சரக்கா பேப்பர் திருத்துகிறவர், நாலுக்கு மேல் யாருக்கும் தரமாட்டார். இந்த ரெண்டு பேரையும் தெரியாதவர்களுக்கு அந்த நட்சத்திரங்கள் எதற்கு?

மின்னூல் கருவியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் வந்தது, அடுத்த வருஷமே வாங்கினேன். வெயிலில் களத்து மேட்டில் வைத்துப் படித்தாலும் எழுத்து தெளிவாகத் தெரியும், எழுத்தைப் பெரிசாக்கிக்கொள்ளலாம், நாற்பதைத் தாண்டின கண்ணுக்கு அது பெரிய உபகாரம். மதுரைத் திட்டம் என்ற இணையத் தளத்தில் 1998-லிருந்து ஏற்றி வைத்திருக்கிற பழைய நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் எனக்குப் பிடித்த புத்தகத்தை, "இந்தாங்க மாமா, படிச்சுட்டுக் குடுங்" என்று கையில் கொடுக்க முடிவதில்லை. வாசிக்க அது, பகிர இது என்று வைத்துக்கொண்டுவிட்டேன்.

நோட்டின் கடைசிப் பத்துப் பக்கம் நர்ஸ் பொண்ணுக்கு என்று ஒதுக்கினது. இந்தப் பக்கத்து நாவல்களைப் படிக்கும்போது அவளுக்குப் புரியாத சொல்லை அங்கே எழுதுவாள். பொடக்காலி, சாளை, ஒறம்பரை. எதிரே நாங்கள் எழுதுவோம். கேட்டால் எளிது, எழுத உட்கார்ந்தால்தான் தெரியும். பொடக்காலிக்கு மாமா 'வீட்டுக்குப் பொறவால' என்றார், டீச்சரக்கா 'குளிக்கும் இடம்' என்றார், நான் பாத்திரம் கழுவுகிற இடத்தையும் சேர்த்தேன். அப்புறம் பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதியை ஈரோட்டில் வாங்கி வந்து ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தோம். 2000-இல் முதலில் வந்த அகராதி. பிறந்ததிலிருந்து பேசுகிற சொல்லை அச்சில் அகர வரிசையில் பார்க்கும்போது சொந்தக்காரரை டிவியில் பார்க்கிற மாதிரி ஒரு கூச்சம் வருகிறது.

ஈரோடு என்றால் புத்தகத் திருவிழா. மக்கள் சிந்தனைப் பேரவை 2005-லிருந்து நடத்துவது. ஆகஸ்டில் ஒரு நாள் எங்கள் கடைக்கும் மில்லுக்கும் விடுமுறை. அறச்சலூர் வழியாகப் பஸ்ஸில் போவோம், நோட்டு கைப்பையில். அறச்சலூர் மலைக் குகையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இசைக்கோ ஆட்டத்துக்கோ உரிய எழுத்துகளை வரிசையாக அடுக்கி வெட்டி, பக்கத்திலேயே அடுக்கினவன் பேரையும் வெட்டியிருக்கிறார்கள்: மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். பஸ் அங்கே நிற்கும்போதெல்லாம் டீச்சரக்கா ஜன்னல் வழியே கை காட்டி, "பாருங்க, எழுதினா பேரைப் போடணும்" என்பார். கையெழுத்துக் கட்டத்தை அடிக்கடி விட்டுவிடுகிற டிரைவரண்ணனுக்கான இடி அது.

திருவிழாவில் ஏழு பேருக்கும் சேர்த்து ஒரு தலைப்புக்கு ஒரு பிரதிதான் வாங்குவது. பத்து சதவீதம் தள்ளுபடி போக மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்வோம். பட்டியல் நோட்டிலிருந்து எடுப்பது. அதாவது யாராவது ஒருத்தர் மாட்டிக்கொண்டு நிற்கிற புத்தகம். தேவிபாரதியின் நீர்வழிப் படூஉம் நாவலை அப்படித்தான் வாங்கினோம். 2023 டிசம்பரில் அதற்கு சாகித்ய அகாதமி அறிவித்தபோது கடைக்கு வந்தவர்கள் எல்லாம் தலைப்புக்கு அர்த்தம் கேட்டார்கள். 'யாதும் ஊரே' பாட்டில் வருகிற சொல், தண்ணி போகிற வழியில் போகிற தெப்பம் என்று ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் தறிக்கார அண்ணன் நின்ற இடமும் அவர் அனுப்பின வாய்ஸ் மெசேஜும் ஸ்டேப்ளர் அடித்த பக்கத்தில் இருக்கின்றன. நாவிதர் குடும்பம் ஒன்றைப் பற்றின நாவல் அது. சின்ன வயசில் தன் வீட்டு ஆசாரத்துத் திண்ணைக்குக் கீழேயே நின்ற ஒரு மனுசரைப் பற்றி அண்ணன் பேசியிருந்தார். கேட்டு எழுத எனக்கு ரெண்டு நாள் ஆனது. சத்தத்தால் இல்லை.

குறைகள். ஏழு வாரத்துக்கு ஒரு சுற்று என்பது ரொம்ப மெதுவு. இன்றைக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் வரும்போது கேட்டவரே மறந்திருப்பார். அவசரக்காரர்களுக்கு ஆகாது. நோட்டு தொலைந்தால் எல்லாம் போச்சு. 2019 ஐப்பசி மழையில் பால் வண்டியின் கேரியரில் நனைந்து, ஜெல் பேனாவில் எழுதின பதினாலு பக்கம் நீலக் குட்டையாகிவிட்டது. அதற்குப் பிறகு பால் பாயிண்ட் மட்டும்தான். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நான் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் போட்டுவிடுகிறேன். கடை வைத்திருக்கிறவர் ஒருத்தர் கூட்டத்தில் இருப்பது நல்லது. ஏழு பேருக்கு மேல் போகாதீர்கள். ஒரு வருஷம் பதினொரு பேர் ஆகி, நோட்டு பாதி நேரம் யாருடைய மேஜையிலோ தூங்கியது. இன்னொன்று, இதில் எழுதுகிறவர்கள் ஒருத்தரையொருத்தர் நேரில் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். 'பரவால்லீங்'கைப் படிக்கத் தெரிய வேண்டும்.

மாமா நாகம்மாளை 2020-இல் ஊரடங்கில், மில் மூடியிருந்தபோது முடித்தார். பஸ் இல்லாத நேரம், நோட்டு பால் வண்டியில் மட்டும் போய்க்கொண்டிருந்தது. 38-இல் நின்று மூன்றரை வருஷம். என்ன எழுதப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தோம். நோட்டு வந்தது. "முடிச்சுட்டேன். பரவால்லீங்." ஸ்டேப்ளர் பக்கத்தில் அவருடைய ஓட்டை விழுந்திருந்தது. அந்தப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. தங்கைக்கு ஏதாவது செய்தாரா என்று நோட்டில் இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

இப்போதைய நிலவரம்: டீச்சரக்கா பெருமாள்முருகனின் ஏறுவெயில் நாவலை ரெண்டாம் தடவை படிக்கிறார், அத்தியாயம் 4. நர்ஸ் பொண்ணு 60 சதவீதம், எதில் என்று எழுத மறந்துவிட்டாள். அண்ணனின் வாய்ஸ் மெசேஜ் மூன்று நிமிஷம் நாற்பது செகண்ட், இன்னும் கேட்டு எழுதவில்லை. டிரைவரண்ணன் கையெழுத்துக் கட்டம் காலி. நான் ஒரு மொழிபெயர்ப்பு நாவலில் மூன்றாவது அத்தியாயத்திலேயே ரெண்டு மாசமாக உட்கார்ந்திருக்கிறேன், அதில் வருகிற மாமியார் எங்கள் அத்தை மாதிரியே இருமுகிறாள். சொசைட்டித் தம்பியிடமிருந்து நேற்று காலை நோட்டு வந்தது. அவன் கட்டத்தில் பக்கம் ஒரு கோடு, டிகிரி ஒரு கோடு. கீழே, "படிக்கல. ராத்திரி முச்சூடும் தொழுவத்துல. செவலை கன்னு போட்ருச்சு. காளைக்கன்னு."